அங்குல மகாராஜாக்கள்

1853-ல் லண்டனில் சில கனவான்கள் கூடி ஒரு ரயில்வே கம்பெனி ஆரம்பித்தார்கள். பெயர், ‘கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே’. அந்த ‘கிரேட்’டைக் கொஞ்சம் கவனியுங்கள். அப்போது அவர்களிடம் ஒரு அடி தண்டவாளம் கிடையாது, ஒரு இன்ஜின் கிடையாது, கொடி காட்ட ஒரு ஆள்கூட கிடையாது. முதல் ரயில் ஓட இன்னும் எட்டு வருஷம் இருந்தது. மகத்துவம் மட்டும் முன்கூட்டியே ரிசர்வ் ஆகிவிட்டது.

சரி, இந்த மகா ரயில் எங்கே ஓடியது? நாகப்பட்டினத்தில் கிளம்பி 1861-ல் தஞ்சாவூரைத் தொட்டது. 1862-ல் திருச்சி. மொத்தம் 78 மைல். துறைமுகம் இருக்கிறது, டெல்டா நெல் இருக்கிறது, நல்ல வியாபார மூளைதான், குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் ‘மகா தென்னிந்தியா’ என்று லண்டனில் பலகை மாட்டியவர்கள் மனசில் இருந்த தென்னிந்தியா, காலையில் நாகப்பட்டினத்தில் கிளம்பினால் மாலைக்குள் மலைக்கோட்டையில் முடிந்துவிடுகிற சைஸில்தான் இருந்தது.

பணம்? அங்கேதான் அய்யா தந்திரம். ரயில்வேயில் போடும் முதலுக்கு வருஷம் 5 சதவீதம் நிச்சயம் என்று அரசாங்கம் கேரண்டி கொடுத்தது. ரயில் சம்பாதித்தால் அதிலிருந்து. சம்பாதிக்காவிட்டால்? இந்தியாவில் வசூலாகும் வரிப்பணத்திலிருந்து. அதாவது நஷ்டம் என்ற சொல்லுக்கே இடமில்லாத வியாபாரம். இன்றைக்கு நம் ஸ்டார்ட்-அப் பையன்களிடம் இப்படி ஒரு திட்டம் இருப்பதாகச் சொல்லிப் பாருங்கள், ஆனந்தக் கண்ணீர் விடுவார்கள். மாஸி என்று ஒரு துரை, இந்திய அரசின் நிதி உறுப்பினராக இருந்தவர், பின்னாளில் விசாரணைக் கமிட்டி முன்னால் மனசாட்சியோடு ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டார். கேரண்டி இருக்கிற வரைக்கும், போட்ட பணம் செங்கல்லாக நிற்கிறதா ஹூக்ளி ஆற்றில் கொட்டப்படுகிறதா என்று முதலாளிக்கு ஒரு கவலையும் இல்லையாம். நல்லவேளை, ஹூக்ளி நாகப்பட்டினத்திலிருந்து ரொம்ப தூரம்.

இதற்கு முன்பே சென்னையில் இன்னொரு கம்பெனி ரயில் விட்டிருந்தது. மெட்ராஸ் ரயில்வே. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு. அவர்கள் மேற்கே ஓட்டினார்கள், நம்ம ‘கிரேட்’ தெற்கே ஓட்டினார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்ட இடம், தயவுசெய்து சிரிக்காதீர்கள், ஈரோடு. 1868-ல். சென்னையிலிருந்து திருச்சிக்கு ரயிலில்தான் போவேன் என்று அடம்பிடித்தவர் அரக்கோணம், ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு என்று அரை மாகாணத்தைப் பார்த்துவிட்டுக் கரூர் வழியாகத் திருச்சிக்கு வரவேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதை ஐந்து சதவீத வட்டியோடு செய்தார்கள்.

மூன்றாவதாக ஒரு கேரக்டர் வருகிறது. 1862-ல் தொடங்கிய ‘இந்தியன் டிராம்வே கம்பெனி’. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 19 மைல் தண்டவாளம் போட்டு 1865-ல் ஓட்டியது. அவ்வளவுதான் அதன் சாம்ராஜ்யம். கொஞ்ச நாளில் ‘டிராம்’ என்ற பெயர் தன் அந்தஸ்துக்குக் குறைச்சல் என்று பட்டது போலிருக்கிறது. ‘கர்நாடிக் ரயில்வே’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. கர்நாடகம் என்றால் அப்போது நவாப் ஆண்ட பூமி. கடைசி நவாப் 1855-ல் கண்ணை மூடியதும் வாரிசு இல்லை என்று சொல்லிப் பட்டத்தையே ஒழித்தது வெள்ளைக்கார அரசு. நவாபின் நாடு போய்விட்டது. நாட்டின் பெயர் மட்டும் 19 மைல் ரயிலுக்கு வாரிசு உரிமையாக வந்து சேர்ந்தது.

இப்போது கேஜுக்கு வருவோம். கேஜ் என்பது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. அவ்வளவுதான் விஷயம். ஆனால் செல்போன் சார்ஜர் முனை மாதிரி, ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஒரு கேஜ் வண்டி இன்னொரு கேஜில் ஏறாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் படித்த, பட்டம் பெற்ற, மீசை முறுக்கிய கனவான்கள் இந்த இடைவெளிக்காகப் போட்ட சண்டையை நம் ஊர் வரப்புத் தகராறுகளோடு ஒப்பிட்டால், நம் ஆட்கள் பரம சாதுக்கள் என்று தோன்றும்.

இங்கிலாந்தில் இன்ஜினீயர் ஸ்டீஃபன்சன் கோஷ்டி 4 அடி 8½ அங்குலம். இன்ஜினீயர் புரூனல் கோஷ்டி 7 அடிக்கும் கால் அங்குலம் மேலே. அந்தக் கால் அங்குலத்தை விட்டுக் கொடுக்கக்கூட மனசு வரவில்லை பாருங்கள். இரண்டும் முட்டிக்கொண்ட ஊர் கிளாஸ்டர். அங்கே எல்லாச் சரக்கையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். அந்த அவஸ்தையைப் பார்வையிட நாடாளுமன்றக் குழு வருகிறது என்று தெரிந்ததும், ஒரு சரக்கு அதிகாரி ஏற்கெனவே ஏற்றி முடித்த மூட்டைகளையும் மறுபடி கீழே இறக்கிப்போட்டு அமளியைக் கூட்டிக் காட்டினார் என்று ஒரு கதை உண்டு. அமைச்சர் ஆய்வுக்கு வரும்போது மட்டும் ஆஸ்பத்திரியில் பெட்ஷீட் மாறுவதைப் பார்த்தவர்கள் நாம். அவர் தலைகீழாகச் செய்திருக்கிறார், அதுதான் வித்தியாசம்.

இந்த ரகளையை இங்கிலாந்தில் கிட்டத்திலிருந்து பார்த்தவர் டல்ஹவுசி. கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்ததும், இந்தத் தேசத்துக்காவது ஆரம்பத்திலிருந்தே ஒரே கேஜ் இருக்கட்டும் என்று தீர்மானமாக எழுதினார். புத்திசாலித்தனமான பேச்சு. என்ன கேஜ்? கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் டைரக்டர்கள் 4 அடி 8½ அங்குலம் என்றார்கள். டல்ஹவுசி 6 அடி என்றார். சிம்ஸ் என்ற இன்ஜினீயர், இந்த ஊர்க் காற்றிலும் புயலிலும் வண்டி சாயக்கூடாது என்று சொல்லி 5 அடி 6 அங்குலம் என்றார். கடைசியில் சிம்ஸ் ஜெயித்தார். புயலும் மழையும் டைரக்டர்களைவிடப் பெரியவை என்று யாரோ ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

ஆக நாகப்பட்டினம் பாதை 5 அடி 6 அங்குலம். டல்ஹவுசி சொன்ன ஒரே கேஜ் என்ற சத்தியத்தை நம்ம காஞ்சிபுரம் குட்டி ரயில் எப்படிக் காப்பாற்றியது என்கிறீர்கள்? 3 அடி 6 அங்குலம் போட்டது. அரக்கோணத்தில் பெரிய வண்டியிலிருந்து இறங்கி, மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு, சின்ன வண்டியில் ஏறி, 19 மைல் போனால் காஞ்சிபுரம். கிளாஸ்டரைப் பார்க்கக் கப்பலேறிப் போக முடியாத தமிழனுக்காக அரக்கோணத்திலேயே ஒரு கிளாஸ்டர் கட்டிக் கொடுத்தார்கள்.

அடுத்து மேடைக்கு வருகிறார் வைஸ்ராய் மேயோ பிரபு. பாவம், நல்ல மனிதர். கஜானாவைத் திறந்து பார்த்தால் கேரண்டி வட்டி எல்லாவற்றையும் தின்றிருந்தது. இனிமேல் அரசாங்கமே சிக்கனமாக, குறுகலாகத் தண்டவாளம் போடட்டும் என்று முடிவு. எவ்வளவு குறுகலாக? ஒரு கமிட்டி. மூன்று பேர் 2 அடி 9 அங்குலம் என்றார்கள். நான்காவது ஆள் ஃபௌலர், 3 அடி 6 அங்குலத்துக்குக் கீழே இறங்கமாட்டேன் என்றார்.

இங்கே ஒரு சின்ன ஃபிளாஷ்பேக். மேயோ பிறந்தது அயர்லாந்தில். 1840-களில் அந்த ஊரிலும் ஆளுக்கொரு கேஜ் போட்டுக்கொண்டு மல்லுக்கு நின்றார்கள். பஞ்சாயத்துக்கு வந்த பாஸ்லி என்ற தளபதி என்ன செய்தார் தெரியுமா? எல்லோருடைய அளவையும் வாங்கிக் கிட்டத்தட்ட சராசரி போட்டு, 5 அடி 3 அங்குலம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது யாருக்கும் சொந்தமில்லாத அளவு, அதனால் யாருக்கும் தோல்வியுமில்லை. அயர்லாந்தில் இன்றைக்கும் அந்தச் சராசரி மேல்தான் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த மண்ணின் மைந்தர் மேயோ என்ன செய்வார்? 2 அடி 9-க்கும் 3 அடி 6-க்கும் நடுவிலே கைவைத்தார். 3 அடி 3 அங்குலம். அதோடு விட்டிருக்கலாம். அந்த நேரம் பார்த்து இந்தியாவுக்கு மெட்ரிக் அளவைகள் வரப்போகின்றன என்று ஒரே பேச்சு. 1871-ல் அதற்கு ஒரு சட்டமும் போட்டார்கள். எப்படியும் மீட்டர் வரப்போகிறது, இன்னும் ஒரு ⅜ அங்குலம் சேர்த்தால் கச்சிதமாக ஒரு மீட்டர் ஆகிவிடுமே! சேர்த்தார்கள். மீட்டர் கேஜ் பிறந்தது. அந்தச் சட்டமோ அமலுக்கே வரவில்லை. கிலோவும் மீட்டரும் நம் கடைத்தெருவுக்கு வந்தது 1958-க்குப் பிறகுதான். ஜவுளிக்கடையில் கஜக்கோலில் துணி அளந்த தேசத்தில், எண்பது வருஷத்துக்கு மேல், நாடு முழுக்க ஆயிரக்கணக்கான மைலுக்கு மீட்டரை நீட்டி வைத்திருந்தது ரயில் மட்டும்தான். மேயோ அதில் ஒரு வண்டிகூட ஓடிப் பார்க்கவில்லை. 1872-ல் அந்தமானில் ஒரு கைதியின் கத்திக்குப் பலியானார். முதல் மீட்டர் கேஜ் ரயில் டெல்லியிலிருந்து ரேவாரிக்குக் கிளம்பியது அடுத்த வருஷம்.

இதற்கிடையில் தெற்கே, ‘கிரேட்’, ‘கர்நாடிக்’ என்ற நம்ம இரண்டு கம்பெனிகளும் தனித்தனியாக மகத்துவமாக இருந்து அலுத்துப்போய் ஒன்று சேரத் தீர்மானித்தன. 1872-ல் பேச்சு, 1874-ல் புதுப் பெயர்: சவுத் இந்தியன் ரயில்வே. ‘கிரேட்’ காணாமல் போனது. ‘கர்நாடிக்’ காணாமல் போனது. அது நல்லதுதான். ஆனால் ஒருவரிடம் இருப்பது 5 அடி 6, இன்னொருவரிடம் 3 அடி 6. யார் அளவை வைத்துக்கொள்வது? மேயோவின் ஆவி நடுவே உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டும் வேண்டாம், மீட்டர் என்று முடிவானது.

1875-ல் நாகப்பட்டினம் பாதையைப் பெயர்த்தார்கள். 5 அடி 6-ஐ மீட்டராகச் சுருக்கினால் புது இன்ஜின், புதுப் பெட்டி எல்லாம் வேண்டும், சரி, செலவு புரிகிறது. 1878-ல் காஞ்சிபுரம் பாதையைப் பெயர்த்தார்கள். அதுதான் எனக்குப் பிடித்த காட்சி. 3 அடி 6 அங்குலத்துக்கும் மீட்டருக்கும் எவ்வளவு வித்தியாசம்? 2⅝ அங்குலம். உங்கள் கையில் மூன்று விரலைச் சேர்த்து வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். வெயிலில் கடப்பாரையும் கையுமாக ஆட்கள் நிற்கிறார்கள். ஆணியைப் பிடுங்குகிறார்கள், தண்டவாளத்தை உள்ளே தள்ளுகிறார்கள், மறுபடி ஆணி அடிக்கிறார்கள். 19 மைல். எதற்காக என்று அந்த ஆட்களில் யாராவது மேஸ்திரியிடம் கேட்டிருந்தால், பாவம் மேஸ்திரி என்ன பதில் சொல்லியிருப்பார்? வைஸ்ராய் ரவுண்டாக்கினார் என்றா?

இன்னொரு கூத்து பாண்டிச்சேரியில். மீட்டர் என்ற அளவையே உலகத்துக்குக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அந்த மீட்டரை அங்குலத்துக்கு உயிரைக் கொடுக்கும் இங்கிலீஷ் கம்பெனி ஒன்று கொண்டுவந்து, 1879-ல் விழுப்புரத்திலிருந்து அவர்கள் ஊர் வாசலில் விரித்தது. கரும்பு விளையும் ஊருக்கு வெல்லம் விற்கப் போன முதல் வெள்ளைக்காரர்கள் இவர்கள்தான்.

1870-களின் முடிவுக்குள் சென்னையும் தூத்துக்குடியும் மீட்டர் கேஜில் இணைந்துவிட்டன. ஈரோட்டுக்கு விடுதலை. அதே வருஷங்களில்தான் தாது வருஷப் பஞ்சமும். ஒரு பக்கம் ரயிலில் தானியம் வந்தது, இன்னொரு பக்கம் நல்ல விலை கிடைக்கிற இடத்துக்கு அதே ரயிலில் தானியம் போனது. அந்தப் பக்கத்தைப் பற்றித் தமாஷாக எழுத எனக்குத் தெரியாது. 1880-ல் பஞ்ச விசாரணைக் கமிஷன், வறண்ட உள்நாட்டுக்கு ரயில் வேண்டும் என்று சொன்னது. அந்தக் காலத்தில் போட்ட பாதைகளில் ஒன்றுதான் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி, பாகாலா வழியாக அனந்தப்பூர் சீமையில் தர்மாவரம் வரை போனது. 1891 வாக்கில் எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்துக்கு ரயில் வந்தது.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1890-ல், அரசாங்கம் கம்பெனியை விலைக்கு வாங்கியது. சபாஷ், இனி தேசத்தின் சொத்து என்று நீங்கள் கைதட்டுவதற்குள் சொல்லிவிடுகிறேன். வாங்கிய அரசாங்கம், அதை நடத்தித்தர லண்டனில் புதிதாகப் பதிவான ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்தது. அந்தக் கம்பெனியின் பெயர்? சவுத் இந்தியன் ரயில்வே. வீட்டுக்காரரிடமிருந்து வீட்டை வாங்கி அவருக்கே சாவியைக் கொடுத்த கதை.

திருவண்ணாமலையை ஒட்டிய எங்கள் வேங்கிக்காலுக்கு ஸ்டேஷன் கிடையாது. இன்றைக்குக் கலெக்டர் ஆபீஸே இங்கேதான் இருக்கிறது, மாவட்டமே இங்கிருந்துதான் ஓடுகிறது, ஆனால் ரயில் ஏற வேண்டுமானால் திருவண்ணாமலை ஸ்டேஷனுக்குத்தான் போகவேண்டும். வருத்தமில்லை. ஸ்டேஷன் இருக்கிற ஊர்களின் கதியைப் பார்த்தவர்கள் நாங்கள். திருக்கோவிலூர் ஸ்டேஷன் இருப்பது தென்பெண்ணையின் அக்கரையில், அரகண்டநல்லூரில். ‘ஆரணி ரோடு’ என்று பலகை பார்த்து ஆவலாக இறங்கினால் நீங்கள் நிற்பது களம்பூர். ஆரணி? அதுதான் பலகையிலேயே இருக்கிறதே, ரோடு. நடங்கள். சொன்ன வார்த்தையில் ஒரு பொய்கூடக் கிடையாது, கம்பெனிக்காரர்கள் கனவான்கள்.

இந்தப் புதுப் பாதையைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்ததா என்றால், இல்லை. 1896 ஆகஸ்ட் 29. மதுரையில் பதினாறு வயசுப் பையன் ஒருவன் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்புகிறான். அண்ணனின் காலேஜ் ஃபீஸ் ஐந்து ரூபாயைக் கட்டச் சொல்லிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதில் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, ஃபீஸ் இன்னும் கட்டவில்லை, இதோ மீதி இரண்டு ரூபாய் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகிறான். வீட்டை விட்டு ஓடிய பிள்ளைகளின் சரித்திரத்தில் இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு ஒப்படைத்துவிட்டுப் போனவர் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

பழைய அட்லஸ் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்குக் கிட்டத்தில் இருக்கும் ஸ்டேஷன் திண்டிவனம் என்று கணக்குப் போட்டிருந்தான். அட்லஸ் அச்சான காலத்தில் அது சரி. அதற்குள் கம்பெனி திருவண்ணாமலைக்கே தண்டவாளம் போட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது, அட்லஸுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. ரயில் நேரத்துக்கு அப்புறம்தான் பையன் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தான். ஆனால் வண்டி லேட். ஆமாம், சவுத் இந்தியன் ரயில்வே அன்றைக்குத் தாமதம். தமிழ்நாட்டில் லேட்டாக வந்த எத்தனையோ ரயில்களை நாம் திட்டியிருக்கிறோம். இந்த ஒரு வண்டிக்கு மட்டும் நம் ஊர்க்காரர்கள் சூடம் காட்டலாம்.

கட்டணப் பலகையில் திண்டிவனத்துக்கு மூன்றாம் வகுப்பு 2 ரூபாய் 13 அணா. வாங்கினான். கையில் மிச்சம் 3 அணா. அதே பலகையில் கொஞ்சம் கீழே கண்ணை ஓட்டியிருந்தால் திருவண்ணாமலை என்ற பெயரே இருந்திருக்கிறது. கட்டணம் சரியாக மூன்று ரூபாய். மடியில் இருந்ததும் சரியாக மூன்று ரூபாய்! இப்படி ஒரு பொருத்தத்தைக் கம்பெனி நூறு வருஷத்தில் ஒரு தடவைதான் செய்திருக்கும். அதையும் கீழ் வரியில் போட்டு மறைத்துவிட்டது.

வண்டியில் ஒரு மௌல்வி, திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது, விழுப்புரத்தில் மாறிக்கொள் என்று விவரம் சொன்னார். கம்பெனி செய்யவேண்டிய விளம்பரத்தைச் சக பயணி இலவசமாகச் செய்துகொடுத்தார். விடியற்காலை விழுப்புரத்தில் இறங்கிய பையனுக்குக் கையிருப்பில் கிடைத்த டிக்கெட் மாம்பழப்பட்டு வரைக்கும்தான், 2½ அணா. அங்கிருந்து நடை, சுமார் பத்து மைல், அரகண்டநல்லூர்க் கோயில் வரை. அடுத்த நாள் ஒரு பாகவதரிடம் காதுக் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் வாங்கிக்கொண்டு, திருக்கோவிலூர் ஸ்டேஷனில் ராத்திரியைக் கழித்து, செப்டம்பர் 1 காலையில் ரயிலில் திருவண்ணாமலை வந்து இறங்கினான். அப்புறம் அந்தப் பையன் ரயில் ஏறவே இல்லை. ஐம்பத்து நான்கு வருஷம் மலையைவிட்டு எங்கும் போகவில்லை. வெங்கட்ராமன் என்ற அந்தப் பையனை நாம் ரமண மகரிஷி என்கிறோம். அவரைப் பார்க்க வந்தவர்கள் வாங்கிய டிக்கெட்டுகளைக் கூட்டினால், கம்பெனிக்கு அந்த மூன்று அணாக் குழப்பத்தில் வந்த லாபம் கொஞ்சமல்ல.

தர்மாவரம் பாதையில் ஊருக்கு வெளியே ஸ்டேஷன் வைத்த கம்பெனி, சென்னையில் என்ன செய்தது தெரியுமா? மெட்ராஸ் ரயில்வேக்காரர்களுக்கு சென்ட்ரல் என்று ஒரு கோபுர மாளிகை இருந்தது. நமக்கு வேண்டாமா? 1908-ல் எழும்பூரில் ஸ்டேஷன் எழும்பியது. வரைந்தவர் ஹென்றி இர்வின், கட்டியவர் சாமிநாத பிள்ளை, செலவு 17 லட்சம். குவிமாடம், வளைவு, முகலாய பாணி, திராவிட பாணி, மிச்சமிருந்த எல்லா பாணியும். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் மூட்டைமேல் மூட்டையாக உட்கார்ந்துவரும் கும்பகோணத்துப் பாட்டி இறங்குவதற்கு ஒரு அரண்மனை. பாட்டி அண்ணாந்து பார்க்கவில்லை, ஜட்கா வண்டிக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

இதில் ஒரு நிரந்தரச் சாபம் ஒளிந்திருந்தது. சென்ட்ரல் பிராட் கேஜ், எழும்பூர் மீட்டர் கேஜ். நாலு எட்டு வைத்தால் போய்விடலாம், ஆனால் ஒன்றில் வந்த வண்டி இன்னொன்றுக்குப் போகமுடியாது. ஆகவே வடக்கே போகிறவன் சென்ட்ரல், தெற்கே போகிறவன் எழும்பூர் என்று ஊரே இரண்டாகப் பிரிந்தது. இன்றைக்கு இரண்டு இடத்திலும் ஒரே கேஜ்தான். ஆனாலும் நெற்றி வியர்க்க சென்ட்ரலில் ஓடிவந்து, “சார், நெல்லை எக்ஸ்பிரஸ் எந்த பிளாட்பாரம்?” என்று கேட்கிறவர் ஒருத்தராவது தினமும் இருக்கிறார். அவர் யாரைத் திட்டவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. சராசரி போட்ட அந்த அயர்லாந்துக்காரரை, அண்ணாச்சி.

மிச்சக் கதை வேகமாக ஓடிவிடும். 1914-ல் பாம்பன் பாலம். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில், அதுவும் மீட்டர் கேஜில். 1944-ல் அரசாங்கம் மறுபடி கம்பெனியைக் கையில் எடுத்துக்கொண்டது, இந்தத் தடவை சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 1951 ஏப்ரல் 14, சித்திரைப் பிறப்பை ஒட்டி, சவுத் இந்தியன் ரயில்வேயும், பழைய மெட்ராஸ் ரயில்வேயின் வாரிசான மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயும் மைசூர் ரயில்வேயும் ஒன்றாகித் தெற்கு ரயில்வே ஆயின. ஈரோட்டில் முறைத்துக்கொண்டு சந்தித்தவர்கள் ஒரே வீட்டுக்குள் வர 83 வருஷம்.

அப்புறம் 1992-ல் டெல்லியில் ஒரு ஞானோதயம். தேசம் முழுக்க ஒரே கேஜ் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! டல்ஹவுசி மேலே இருந்து காதைத் தீட்டியிருப்பார். ‘யூனிகேஜ்’ என்று பெயர் வைத்தார்கள். என்ன அளவு? 5 அடி 6 அங்குலம். நாகப்பட்டினம் பாதையை மறுபடி பெயர்த்தார்கள். 1861-ல் 5 அடி 6, 1875-ல் மீட்டர், இந்த நூற்றாண்டில் மறுபடி 5 அடி 6. ‘கிரேட்’ கனவான்கள் போட்ட அதே அளவு. ஒன்றுமே செய்யாமல் சும்மா விட்டிருந்தாலே சரியாக இருந்திருக்கும் என்பதை உறுதிசெய்ய நூற்றிமுப்பது வருஷம் ஆனது.

எங்கள் விழுப்புரம்–காட்பாடி பாதைக்கும் முறை வந்தது. பெயர்த்தார்கள். பெயர்ப்பதற்கு ஒரு நாள் போதும், போடுவதற்குப் பல வருஷம் என்பது ரயில்வே சாஸ்திரம். தண்டவாளமே இல்லாத காலத்தில், கேட் மூடாத லெவல் கிராசிங்கில் பழக்கதோஷமாக நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போன பெரியவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. 2010-ஐ ஒட்டிப் பெரிய ரயில் வந்தது. சென்னைக் கடற்கரையிலிருந்து நேராக ஒரு வண்டி மறுபடி திருவண்ணாமலைக்கு வர 2024 மே மாதம் ஆனது. முதல் நாள் கூட்டத்தைப் பார்த்தால் ஏதோ இப்போதுதான் ஸ்டீஃபன்சன் நீராவி இன்ஜினை ஓட்டிக் காட்டுகிறார் போலிருந்தது.

ஆனாலும் சென்னையிலிருந்து அருணாசலத்தைப் பார்க்க வருகிறவர்கள் இன்னும் பஸ்ஸில்தான் வருகிறார்கள். காட்பாடி சுற்றிவர யாருக்குப் பொறுமை? பௌர்ணமி ராத்திரி கிரிவலம் முடித்து, கால் வீங்கி, இடம் பிடிக்கத் துண்டு போட்டு, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகும் அந்த பஸ் எந்த வழி போகிறது? செஞ்சி, திண்டிவனம். மதுரைப் பையனின் அட்லஸ் காட்டிய அதே திண்டிவனம்.

ரயில்வேயும் இதைக் கவனிக்காமல் இல்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புதுப் பாதை, சுமார் 70 கிலோமீட்டர், 2006-07 பட்ஜெட்டில் ஒப்புதல் ஆகிவிட்டது. அடிக்கல்லும் நட்டாயிற்று. பிறகு ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அதற்கு ஏதோ ஒரு தொகை எழுதுகிறார்கள். சில வருஷம் அந்தத் தொகையைப் பார்த்தால் தண்டவாளம் போடவா, இல்லை அடிக்கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கவா என்று சந்தேகம் வரும். பாதை மட்டும் வரவில்லை. 1896-ல் அந்தப் பையனின் அட்லஸை எல்லோரும் பழசு என்றார்கள். பார்க்கப்போனால் அது ரயில்வே அமைச்சகத்தைவிடக் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்திருக்கிறது.